கொய்யா மரத்துக்கு வைத்த கேமரா

எங்கள் வீட்டுப் பின்புறத்தில் இருப்பது ஒரே ஒரு கொய்யா மரம். அன்று சாயங்காலம் எண்ணியபோது கைக்கு எட்டும் கிளைகளில் மட்டும் நாற்பத்தொரு காய் இருந்தது. மறுநாள் காலையில் முப்பத்து மூன்று. தரையில் ஒன்றுகூட விழுந்திருக்கவில்லை. நான் நெல் கமிட்டியில், விவசாயிகள் நெல் கொண்டுவந்து விற்கிற அரசாங்க விற்பனைக் கூடத்தில், முப்பத்து நான்கு வருஷம் மூட்டை எண்ணியவன். லாரியில் ஏற்றும்போது தலையைத் தூக்கிப் பார்க்காமல், பலகையில் ஏறுகிற காலடியை வைத்தே எண்ணிவிடுவேன். எட்டுக் காய் குறைந்தால் அந்த எட்டும் எங்கே போயின என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது.

அப்போது வீட்டில் நான் மட்டும்தான். மருமகளுக்கு இரண்டாவது பிரசவம் என்று என் மனைவி பெங்களூருக்குப் போயிருந்தாள். மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுப் போனாள். தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பேன், படுத்த பிறகு மூன்றாவது முறை எழுந்து போவேன். எட்டுக் காய் விஷயத்தைப் போனில் சொன்னதும் என் மகன் சிரித்தான்.

"நைனா, ஒரு கேமரா வாங்கி அனுப்பறேன். நீ டிவியில பாத்துக்க, நான் இங்க போன்ல பாத்துக்கறேன். உனக்கும் டென்ஷன் இல்ல, எனக்கும் டென்ஷன் இல்ல."

கேமரா வந்தது. கரண்ட் வேலை செய்கிறவர் அதை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் மூலையிலிருந்த கம்பத்தின் உச்சியில் பொருத்தி, மரம் முழுவதும் தெரிகிற மாதிரி கீழ்நோக்கித் திருப்பிவிட்டுப் போனார். இரண்டாம் நாள் காலை ஆறே முக்காலுக்குத் திருடனைப் பார்த்துவிட்டேன். கோட்டை மலையிலிருந்து இறங்கி வரும் குரங்குக் கூட்டம், மொத்தம் ஏழு. காயைப் பறித்து, ஒரு கடி கடித்து, பிடிக்காவிட்டால் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் வீசிவிட்டு அடுத்ததைப் பறித்தன. விஷயம் அத்தோடு முடிந்தது. கேமராவை அன்றே கழற்றியிருக்கலாம். நான் கழற்றவில்லை. தனியாக இருக்கிறவனுக்குப் பார்த்துக்கொண்டிருக்க ஏதாவது வேண்டியிருக்கிறது. இதை முதலிலேயே எழுதிவிடுவதுதான் நியாயம்.

பக்கத்து வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தாறு வருஷமாக அவர்கள் எங்கள் அண்டை வீட்டார். அந்த வீட்டு பாய் பஜாரில் செருப்புக் கடை வைத்திருந்தார். அவர் மனைவியை நாங்கள் பாயம்மா என்றுதான் சொல்வோம். பாய் திடீரென்று ஒரு காலையில் போய்விட்டார். நானும் அடக்கத்துக்குப் போயிருந்தேன். எல்லோரும் மண் போட்டபோது எனக்கும் இடம் விட்டார்கள். மூன்று கைப்பிடி போட்டேன். கேமரா வைத்தது அதற்குப் பத்தொன்பதாம் நாள்.

இரண்டு நாள் கழித்து பாயின் மகன் வாசலில் வந்து நின்றான். இப்போது கடையைப் பார்த்துக்கொள்வது அவன்தான். கேட்டைத் திறக்காமல் வெளியிலிருந்தே பேசினான்.

"சார், அந்தக் கேமராவைக் கொஞ்சம் திருப்பி வெக்கணும்."

"அது கொய்யா மரத்தைப் பாக்குது."

"மரத்தையும் பாக்குது. எங்க தோட்டத்தையும் பாக்குது. பாத்ரூம் அங்கதான் இருக்குது."

"பாத்ரூமுக்குக் கதவு இருக்குது இல்ல?"

"கதவு வரைக்கும் போவணும் இல்ல சார். அம்மா இத்தாவுல இருக்குது."

இத்தா என்றால் எனக்குத் தெரியும். கணவன் இறந்தால் மனைவி நான்கு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வராமல், வேற்று ஆண்கள் கண்ணில் படாமல் இருப்பது. தெரியும் என்பதால்தான் தைரியமாகப் பேசினேன்.

"வெளிய வரக்கூடாது, அவ்ளோதானே? வெளியன்னா தெரு. தோட்டம் வீட்டுக்குள்ளதான். தோட்டத்துல வேத்து ஆளு யாரு இருக்குறா?"

"நீங்க இருக்குறீங்க சார். டிவி பொட்டியில."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. அவனும் விடவில்லை.

"உங்க பையன் போன்லயும் தெரியுதாமே?"

"அவனுக்கு ஒண்ணுக்குப் போவவே நேரம் இல்ல. உங்க தோட்டத்தையா பாத்துக்கினு இருக்கப் போறான்?"

"அவலூர்பேட்டையில இருந்து மாமா வந்து கூப்ட்டாரு. அங்க செவுரு ஒசரம், வந்து இருன்னாரு. அம்மா போவாது. இத்தாவ புருஷன் வூட்லதான் முடிக்கணும். வேற போக்கு இல்ல சார். இல்லன்னா உங்ககிட்ட வந்து நிக்கவே மாட்டேன்."

"என் செவுரு, என் மரம்."

"அப்ப ஸ்டேஷன்ல மனு குடுக்க வேண்டியதுதான்."

"குடு. பதில் எழுத எனக்கும் தெரியும்."

அன்று மத்தியானமே பதிலை எழுதி வைத்துவிட்டேன். இரண்டு பக்கம், மூன்று நகல். இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் ஐந்தடி இரண்டு அங்குலம். கேமராவிலிருந்து மரத்துக்குப் பதினோரு அடி. சுவரின் படம் வரைந்து அளவுகளைக் குறித்தேன். பக்கத்து வீட்டுத் தோட்டம் எத்தனை அடி தெரிகிறது என்பதை மட்டும் குறிக்கவில்லை. ஸ்டேஷனிலிருந்து யாராவது வருவார்கள் என்று நான்கு நாள் சட்டை போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை.

அதற்குள் அவர்கள் தோட்டத்துக்கு மேலே பச்சை வலை கட்டினார்கள், நாற்றங்காலுக்கு நிழலாகக் கட்டுவார்களே, அந்த வலை. கயிற்றின் ஒரு முனை என் சுவரிலிருந்த ஆணியில் மாட்டியிருந்தது. அதையும் நோட்டில் எழுதி வைத்தேன். வலை நான்கு நாள்தான் தாங்கியது. குரங்குகளுக்கு அது ஊஞ்சல் மாதிரி ஆகிவிட்டது. ஏழும் ஏறிக் குதித்துக் கிழித்துத் தொங்கவிட்டன. டிவியில் பார்த்து நான் சிரித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் என் கேட்டில் ஒரு துணிப்பை தொங்கியது. உள்ளே ஒன்பது கொய்யா. மூன்று முழுசு, ஆறு குரங்கு கடித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கடித்த பழத்தைக் கொண்டுவந்து கேட்டில் மாட்டினால் என்ன அர்த்தம்? உன் மரத்தின் குப்பையை நீயே வைத்துக்கொள் என்பதுதானே. பழத்தைக் கொட்டிவிட்டுப் பையை மறுபடி கேட்டிலேயே மாட்டிவைத்தேன். நோட்டில் எழுதினேன்: முழுசு மூன்று, கடித்தது ஆறு. அடுத்த வெள்ளிக்கிழமையும் பை தொங்கியது. அதற்கு அடுத்த வெள்ளியும். என்னைச் சீண்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொரு பையையும் எண்ணி எழுதினேன்.

வலை கிழிந்த பிறகு டிவியில் ஒரு புதுக் காட்சி வர ஆரம்பித்தது. நீலத்தில் பெரிய பெரிய பூப்போட்ட ஒரு போர்வை அவர்கள் சமையலறைக் கதவிலிருந்து புறப்படும். பாயம்மாவின் மருமகள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி அதன் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் காலெடுத்து வைத்துப் போவாள். குழாயடிக்கோ பாத்ரூமுக்கோ போய்ச் சற்று நேரம் நிற்பாள். பிறகு அதே மாதிரி போர்வையைத் திருப்பிக்கொண்டு வருவாள். கதவிலிருந்து பாத்ரூமுக்குப் பதினான்கு அடி. ஒரு நாளைக்கு ஒன்பது முறை, சில நாள் பதினொன்று. போர்வையை உலர்த்துகிறார்கள் என்றுதான் நினைத்தேன். வெயில் இடம் மாற மாற இவர்களும் தூக்கிக்கொண்டு நடக்கிறார்களாக்கும், கொடியில் போட்டால் குரங்கு இழுக்கும் என்று பயமாக்கும், என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எண்ணத் தெரிந்தவனுக்குப் பார்க்கத் தெரியவில்லை. முப்பத்தாறு நாள் அந்தப் போர்வையை எண்ணினேன்.

முப்பத்தாறாம் நாள் மனைவி போனில் பேசினாள். மாத்திரை சாப்பிட்டீர்களா, பால் வருகிறதா என்று கேட்டு முடித்த பிறகு, வேறு பேச்சு இல்லாமல் இதைச் சொன்னேன்.

"பக்கத்து வூட்டு மருமவளுக்கு இன்னா ஆச்சோ தெரியல. ஒரு போர்வையைத் தூக்கிக்கினு ஒரு நாளைக்கு ஒம்பது தடவை தோட்டத்துல போவுது, வருது."

"போர்வையா?"

"நீலப் போர்வை. இதோ, இப்பகூடப் போவுது."

"இருங்க. பையன் போனை எடுத்துப் பாக்கறேன்."

அவள் அதுவரை அந்தக் கேமராவைப் பார்த்ததே இல்லை. மரத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் தெரியும். பையன் போன் அவள் கைக்கு வரும் வரை காத்திருந்தேன்.

"இன்னாங்க இது," என்றாள். குரல் மாறியிருந்தது. "அந்தப் போர்வைக்குக் கீழ பாருங்க."

கண்ணாடியைத் துடைத்துவிட்டு டிவிக்குக் கிட்டே போனேன். போர்வை திரும்பி வந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே, மருமகளின் பாதங்களுக்குப் பின்னால், இன்னும் இரண்டு பாதங்கள் தெரிந்தன. மெல்ல நடக்கிற, வயதான பாதங்கள்.

"நீங்க பாத்துடக் கூடாதுன்னு அந்தம்மா போர்வைக்குப் பின்னால பாத்ரூமுக்குப் போவுது. எத்தினி நாளா?"

"முப்பத்தாறு."

"எண்ணி வேற வச்சிருக்கீங்க." அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "வாரத்துக்கு ரெண்டு தடவை நான் பாயம்மாகிட்டப் பேசறேன். ஒரு வார்த்தை சொல்லல. சார் நல்லா இருக்குறாரு, சாயங்காலம் லைட்டு எரியுது, நீ கவலைப்படாதன்னுதான் சொல்லும். வூடுன்னா அவங்களுக்கு அந்தத் தோட்டமும்தான். வானத்தைப் பாக்க வேற எடம் ஏது அந்தம்மாவுக்கு?"

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒன்பதில் ஐந்து, தொழுகைக்கு முன்னால் குழாயடியில் கைகால் கழுவ. மிச்சம் பாத்ரூமுக்கு. முப்பத்தாறை ஒன்பதால் பெருக்கினேன். முந்நூற்று இருபத்து நான்கு. இந்த முறைகளில் ஒன்றிலாவது அந்த அம்மாள் போர்வைக்கு வெளியே எட்டிப் பார்த்து என் கேமராவை முறைத்திருக்கலாம். ஒன்றிலாவது மருமகள் கைவலி தாங்காமல் போர்வையைக் கீழே விட்டிருக்கலாம். டிவியில் நான் அப்படி எதையும் பார்க்கவில்லை. தமிழ்நாடு முழுக்க நெல் மூட்டை போன காலத்தில், ஒரு லோடு முழுவதையும் தலையில் சுமந்து ஒரு நெல் சிந்தாமல் ஏற்றுகிற ஆட்களைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருக்கிறேன். அந்த மருமகள் தூக்கிய கைகள் அவர்களுக்குக் குறைந்தவை அல்ல.

ஏணியை எடுத்து மாடிக்குப் போய்க் கைப்பிடிச் சுவர் மூலைக் கம்பத்தில் சாய்த்தேன். எனக்கு எழுபத்து நான்கு வயது. மூன்றாவது படியில் ஏணி ஆடியது. கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்த பாயின் மகன் தெருவிலிருந்தே என்னைப் பார்த்துவிட்டான்.

"சார், இன்னா பண்றீங்க? எறங்குங்க."

"கேமராவைக் கழட்டறேன்."

அவன் படியேறி ஓடி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டான். கீழே அவர்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. இரண்டு மாதமாக நான் கேட்காத குரல்.

"நீ ஏறுடா. அவரு வுழுந்துறப் போறாரு."

நான் இறங்கினேன், அவன் ஏறினான். ஸ்க்ரூ நான்கு. அவன் ஒவ்வொன்றாகக் கழற்றி என் கையில் கொடுத்தான். கதவுக்குப் பின்னாலிருந்து மறுபடி குரல் வந்தது. பேசியது மகனிடம், சொன்னது எனக்கு.

"மொத்தமா எடுத்துட வேணாம்னு சொல்லு. தெருப்பக்கம் கேட்டைப் பாக்குற மாதிரி மாட்டிக்கச் சொல்லு. பொம்பள இல்லாத வூடு. ஒண்டி ஆளுக்குப் பயமா இருக்கும். அதுக்குத்தான் உன்னை மனு எதுவும் குடுக்காதன்னேன்."

மகன் என்னைப் பார்த்தான். நானும் அவனிடமே சொன்னேன்.

"அம்மாகிட்ட சொல்லு. நான் செஞ்சது பெரிய தப்பு."

"தெரியாமத்தானே செஞ்சாருன்னு சொல்லு."

அத்தோடு விட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். என்னால் முடியவில்லை.

"இல்ல. நீ வந்து சொன்னே. நான்தான் காதுல வாங்கல. அதையும் சொல்லு."

மகன் கடைசி ஸ்க்ரூவைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு அந்த அம்மாள் சொன்னார்:

"உங்க அத்தாவுக்கு மூணு கைப்பிடி மண்ணு போட்டவரு. அவரு மேல ஸ்டேஷன்ல போயி எழுதிக் குடுக்க எனக்கு மனசு வரல. அதுக்குப் பதிலா ஒரு போர்வை போதும்னு இருந்துட்டேன்." பிறகு குரல் சற்று லேசானது. "கொய்யா வந்து சேருதான்னு கேளு. கொரங்கு கடிச்சதையும் சேத்துத்தான் அனுப்பறேன். இல்லன்னா அவருக்குக் கணக்கு வராது, தூக்கம் புடிக்காது."

மகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நான் குப்பை என்று நினைத்த ஒவ்வொரு பையும், என் எண்ணிக்கை சரியாக வர வேண்டும் என்று, என்னால் தன் தோட்டத்தில் நடமாட முடியாமல் இருந்த ஒருவர் பொறுக்கி அனுப்பியது. இருபத்தாறு வருஷத்தில் என் சுபாவத்தை அவர் அவ்வளவு துல்லியமாக அறிந்திருந்தார். அந்தப் பழங்களைக்கூட போர்வைக்குப் பின்னால் குனிந்துதான் பொறுக்கியிருக்க வேண்டும்.

"வந்துச்சு," என்றேன். "எல்லாம் எழுதி வச்சிருக்கறேன்."

கேமராவை அவனே தெருப்பக்கம் மாட்டிக்கொடுத்தான். பின்பக்கம் எதுவும் தெரியவில்லை என்று டிவியில் காட்டி, அவன் மனைவியையும் கூப்பிட்டுக் காட்டச் சொன்னேன். அவள் வந்து வாசலில் நின்றபடியே பார்த்துவிட்டு, "சரிங்க சார்," என்றாள். தோள்பட்டையை ஒரு முறை சுழற்றிக்கொண்டாள். அவளிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் போய்விட்டாள். மாடிக்கு நான் துணி உலர்த்தப் போவதையும் அன்றோடு நிறுத்திக்கொண்டேன். வாசல் பக்கம் கொடி கட்டினேன். கொய்யாவைத் தெருப் பையன்கள் கேட்டால் காலை எட்டு மணிக்கு மேல் முன்பக்கமாக வரச் சொன்னேன். தோட்டத்துக்குள் போக வேண்டியிருந்தால் முதலில் இருமுவேன், பக்கெட்டைத் தட்டுவேன்.

காலண்டரில் ஒரு தேதியைச் சுழித்து வைத்தேன். பாய் இறந்தது பிறை தெரிந்த மறுநாள் காலை. நான்கு மாதம் நூற்றிருபது, பத்து நாள் சேர்த்தால் நூற்று முப்பது. அன்று என் மனைவியோடு போய் நேரில் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். வெள்ளிக்கிழமைப் பைகள் வந்துகொண்டேயிருந்தன. நானும் வெறும் பையாகத் திருப்பி அனுப்பவில்லை. கடிபடாத பழமாகப் பார்த்து ஐந்தாறு போட்டுக் கேட்டில் மாட்டுவேன். மத்தியானத்துக்குள் மருமகள் எடுத்துப் போவாள்.

என் மனைவி திரும்பி வந்து பத்து நாள் ஆகியிருந்தது. நூற்று இருபத்தெட்டாம் நாள். காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கேட் திறக்கும் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினேன். முக்காடு போட்டுக்கொண்டு பாயம்மாவே வந்துகொண்டிருந்தார், பக்கத்தில் மருமகள். இளைத்திருந்தார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தெருவை ஒரு முறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். என் மனைவி ஓடிப் போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

நான் எழுந்து நின்றேன். சொல்ல வேண்டியதை நூற்று முப்பதாம் நாளுக்கென்று தயார் செய்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"இன்னும் ரெண்டு நாள் இருக்குதே."

"வாயை வச்சிக்கினு சும்மா இருங்க," என்றாள் என் மனைவி.

பாயம்மா சிரித்துவிட்டார். "பிறைக் கணக்கு சார் எங்களுக்கு. நடுவுல ரெண்டு மாசம் இருவத்தொம்பதுலயே பிறை தெரிஞ்சுது. நேத்தோட முடிஞ்சுது." பிறகு உட்கார்ந்து, முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார்: "எங்க பக்கத்துல இருந்து மொத்தம் எத்தினி வந்துச்சு?"

கொய்யாவைக் கேட்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. நோட்டை எடுத்து வந்தேன். பதினைந்து பை. முழுசையும் கடித்ததையும் கூட்டினேன்.

"நூத்திப் பதினொண்ணு."

"நான் பொறுக்கினது நூத்திப் பன்னெண்டு," என்றார் பாயம்மா.

நான் மறுபடி கூட்டினேன். அதே நூற்றுப் பதினொன்றுதான் வந்தது. இந்தப் பக்கம் நான் எண்ணிக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கமும் ஒருவர், போர்வைக்குப் பின்னால், ஒன்றுவிடாமல் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். என் முப்பத்து நான்கு வருஷ வேலையில் எனக்கு இணையாக எண்ணுகிற ஒருவரை நான் சந்தித்ததில்லை.

"எங்கியோ ஒண்ணு வுட்டுட்டேன் போல இருக்குது," என்றேன்.

"நீங்க வுடல சார். உங்க கணக்கு சரிதான்." அவர் மருமகளைப் பார்த்தார். மருமகள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். "ஒரு நாளு போர்வையோட நிக்கறப்ப கால்கிட்டயே வந்து வுழுந்துச்சு. நல்லா கனிஞ்சது. ஆளுக்குப் பாதியாத் தின்னுட்டோம். அதைச் சொல்லிட்டுப் போவத்தான் மொதல்ல இங்க வந்தேன்."

நோட்டில் நூற்றுப் பதினொன்றை அடித்து, நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினேன்.